உள்ளே உறையும், வெளியே கசியும்

செவ்வாய், காலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உயிரோடு இருப்பதைத்தான் இப்போது எல்லோரும் நலம் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள். உன் பெண் பாப்பாவுக்குப் புகுந்த வீடும் அங்குள்ள மனிதர்களும் பழகிவிட்டார்களா? கல்யாணப் படங்களில் ரொம்ப இளைத்துத் தெரிந்தாள்.

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் காகிதமும் தபால்தலையும் என்று சிரிப்பாய். நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு என்னிடம் மூச்சு இருப்பதில்லை. போன வாரம் நீ கூப்பிட்டபோது ‘ம்’, ‘சரி’ என்று வைத்துவிட்டது அதனால்தான், கோபம் ஒன்றும் இல்லை. எழுதும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. நீயும் லாரியில் நாள்கணக்கில் ஒண்டியாகப் போகிறவன். காகிதம் என்றால் டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் இன்னொரு தடவை படிக்கலாம்.

நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். நானே அரைகுறையாகத்தான் அறிந்திருக்கிறேன். ஸ்டேஷனில் அப்போது எல்லோருக்கும் இருமல். என் அறிவிப்பு அறை உனக்குத் தெரியுமே, திறக்காத ஜன்னல், ஒரு மைக், இரண்டு திரை, சத்தம் போடும் மின்விசிறி. காய்ச்சலோடுதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இருமல் வந்தால் மைக்கை அணைத்துவிட்டு இருமி முடித்து, மறுபடி போட்டு, ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பிப்பேன். கடைசியாக ஒரு வண்டி வருகிறது என்று சொன்னேனாம், எந்த நடைமேடை என்று சொல்லவில்லையாம். ஜனங்கள் பெட்டியும் படுக்கையுமாகப் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்திருக்கிறார்கள். அப்புறம் நான் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் ஸ்டேஷன் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டதாம். டிக்கெட் கவுன்ட்டர் பெண்தான் கூண்டை அப்படியே திறந்துபோட்டுவிட்டு ஓடி வந்தாள்.

நிமோனியா, இரண்டு பக்கமும். தொண்டையில் குழாய் போட்டு இயந்திரம்தான் மூச்சு விட்டது. குப்புறப் போட்டு வைத்தார்களாம். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, ரத்தம் உறைய ஆரம்பித்துவிட்டது. நுரையீரல் டாக்டரம்மா பிறகு ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கையுறை டப்பாவின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். நுரையீரலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றுப்பைகள், ஒவ்வொன்றையும் சுற்றி மயிரிழை மாதிரி ரத்தக்குழாய்கள். கிருமி வந்ததும் உடம்பு பயந்துபோய், அது பரவக்கூடாது என்று அங்கேயே ரத்தத்தை உறையவைத்து அடைக்கப் பார்க்கிறது. கொஞ்சம் அடைத்தால் நல்லதுதானாம். நிறுத்தத் தெரியாமல் அடைத்துக்கொண்டே போனால் காற்று ஒரு பக்கம் நிற்கும், ரத்தம் ஒரு பக்கம் நிற்கும், இரண்டும் சந்திக்காது. பைகளுக்கு உள்ளேயும் பசை மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பெரிய குழாயிலும் ஒரு கட்டி போய் உட்கார்ந்துகொண்டு, இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிட்டது. “உங்க உடம்பு உங்களைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டு உங்களையே அடைச்சுடுச்சும்மா” என்றார். நல்ல மனுஷி. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கட்டியைக் கரைக்க ஏதோ பெரிய மருந்து போட்டார்களாம். அது கரைத்தது. கரைத்த கையோடு வயிற்றில் ரத்தக் கசிவு. மூட்டுவலி மாத்திரை தின்று வயிற்றைப் புண்ணாக்கி ஒரு தடவை ரத்தம் கக்கினேனே, அந்த இடம். உள்ளே உறைவதற்கே எல்லாச் சரக்கும் செலவாகிவிட்டால் வெளியே கசிவதை நிறுத்த ஒன்றும் மிஞ்சாதாம். ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இரண்டும். யார் யாருடைய ரத்தமோ ஏற்றினார்கள். இப்போது என் உடம்பில் நம் வீட்டு ரத்தம் எவ்வளவு இருக்கிறதோ தெரியாது.

கண் விழித்தபின் உன் அத்தான் முதலில் சொன்னது உன்னைப் பற்றித்தான். நீ போனில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாயாமே. அதைக் கேட்டபிறகுதான் பிழைத்துக்கொண்டது எனக்குப் பிடித்தது, நிஜமாகவே சொல்கிறேன். இவரிடமிருந்து அதற்குமேல் ஒரு விவரமும் பெயரவில்லை. நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று ஊரையெல்லாம் கேட்கிறவருக்குத் தன் கண்ணால் பார்த்ததைத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

பிழைத்ததற்குத் தண்டனையும் ஒன்று உண்டு. வெண்கலம் தினமும் வருகிறாள். நாம் இரண்டு பேரும் வைத்த பெயர்தான், என் கொழுந்தனார் மனைவி. அவள் வாயைத் திறந்தால் பாத்திரக்கடை சரிந்த மாதிரி என்று நீதான் ஆரம்பித்துவைத்தாய். பிள்ளை பெற்று வந்த சமயம், கையில் வாங்கலாம் என்று நான் போனபோது, “அவங்க கையில குடுக்காதீங்க, ஏற்கெனவே மூணு போயிருக்கு” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள். அந்தப் பையன் இன்று சைக்கிள் ஓட்டுகிறான். அன்றிலிருந்து அவளோடு நான் பேசுவதில்லை. இப்போது, பேச முடியாத நேரம் பார்த்து வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மூச்சுப் பயிற்சிக்கு என்று மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருக்கிறார்கள். காற்றை இழுத்தால் பந்து மேலே எழும்ப வேண்டும். எனக்கு ஒரு பந்துதான் எழும்புகிறது, அதுவும் முக்கி முனகி. “இழுங்க அக்கா, நல்லா இழுங்க, இதென்ன பீடி இழுக்கிற மாதிரி” என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்துகிறாள். வேண்டாம் என்று இவரிடம் கண் காட்டினேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் என்று புரியவில்லை.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போனால் இரண்டாவது பந்தும் எழும்பிவிடும். லீவு கிடைத்தால் பார். சாலையில் ஜாக்கிரதை. தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கு.

உன் மேல் உயிராக இருக்கும்
அக்கா

* * *

வெள்ளி, பிற்பகல்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முந்தின கடிதம் போட்டு ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது, கிடைத்திருக்கும். அதை மடித்து வைத்திருந்தால் ஒரு தடவை எடுத்துப் படித்துவிட்டு இதைப் படி. நான் எவ்வளவு வெகுளி என்று உனக்கே தெரியும். நீ அதைப் படித்துவிட்டு ஏன் பதில் பேசாமல் இருந்தாய் என்று எனக்கும் இப்போதுதான் தெரிகிறது.

நேற்று டாக்டரம்மாவிடம் போயிருந்தோம். உன் அத்தான் கூட வந்தார். நெஞ்சுப் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, கீழ்ப்பகுதி தழும்பாகிவிட்டது, அது அப்படியேதான் இருக்கும் என்றார். படி ஏறாதே, பாரம் தூக்காதே, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையை விடாதே. எல்லாம் சொல்லி முடித்து, “அந்தம்மா வரலியா இன்னைக்கு? அன்னைக்கு அவங்க மட்டும் இல்லேன்னா நாங்க கையைக் கட்டிக்கிட்டுத்தான் நின்னிருப்போம்” என்றார். எந்த அம்மா என்று கேட்டேன். டாக்டரம்மா உன் அத்தானைப் பார்த்தார். இவர் தன் செருப்பைப் பார்த்தார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன். மூச்சு விட்டு விட்டு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் கேட்க முடிந்தது. அப்படிக் கேட்டால் யாராலும் பொய் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போன பிறகும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் சொன்னது இதுதான். தப்பு இருந்தால் நீ திருத்து. இதயம் வீங்கி, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போன அன்றைக்கு டாக்டரம்மா வராந்தாவில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது, போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் இவங்க வயிற்றில் பழைய புண் இருக்கிறது, ரத்த அணுக்களும் குறைந்துவிட்டன, மூளையிலோ வயிற்றிலோ கசிந்து அதிலேயே போனாலும் போகலாம், போடாவிட்டால் அநேகமாகப் போய்விடுவார்கள், கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள் என்றார். உன் அத்தான் வழக்கம்போல், மச்சானை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உன்னைப் போனில் பிடித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். நீ கேட்டுவிட்டு, “வேணாம் அத்தான். அக்கா குத்துயிரும் கொலையுயிருமா கிடக்க வேணாம். நிம்மதியா போகட்டும், விட்டுடுங்க” என்றாய்.

நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. டாக்டரம்மாவையே கேட்டுவிட்டேன். வேண்டாம் என்பவர்களும் உண்டு, அதுவும் நியாயம்தான், கசிவு வரும் என்று பயந்தோம், வந்தே விட்டதே என்றார். எனக்கு அது விளங்குகிறது. விளங்காதது ஒன்றுதான். டாக்டர் கொஞ்சம் யோசிக்கச் சொன்னாரே. நீ யோசிக்கவில்லையாம். கேட்ட மூச்சில் சொல்லிவிட்டாயாம். வண்டியைக்கூட ஓரம் கட்டவில்லை. நீ பேசிக்கொண்டிருக்கும்போதே இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்ததாம், இவர் காதில் விழுந்திருக்கிறது. வளைவில் திரும்பிக்கொண்டே என்னை விட்டுவிடச் சொல்லியிருக்கிறாய். அழுததும் உண்மைதானாம், ஆனால் அது சொல்லி முடித்த பிறகு.

அப்போதுதான் வெண்கலம் குறுக்கே வந்திருக்கிறாள். அவளுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கும் தோன்றியது. அவள் புருஷன் ஊரில் இல்லை, உன் அத்தானுக்குச் சோறு கொண்டுவந்தவள், அவ்வளவுதான். இவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி, “போறவங்க எப்படியும் போகத்தான் போறாங்க, மருந்தைப் போட்டுட்டுப் போகட்டுமே, யார் வீட்டுக் காசு நஷ்டம்? எங்க கையெழுத்துப் போடணும், குடுங்க இங்க” என்றிருக்கிறாள். “மாமா, நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்.” உன் அத்தான் ஆட்டினார். அது ஒன்றாவது செய்தாரே.

வீட்டுக்கு வந்ததும் அவளை வரச்சொல்லி நேரிலேயே கேட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை, ‘ஏன்’. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அதை எந்த வாய் சொல்லிச்சு? மாமாவா? ஒரு நாளாவது வாய வச்சுக்கிட்டு இருக்க மாட்டாரா?” என்று ஆரம்பித்து, அடங்கி, “நீங்க போயிட்டா அப்புறம் நான் யார்கூடப் பேசாம இருக்கறது?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல், இருமினால் நெஞ்சுவலி, அதனால் அழுத மாதிரி ஆகிவிட்டது. “இன்னும் என் மேல கோவந்தானே? இருக்கட்டும். கோவப்படவும் மூச்சு வேணும். இழுங்க” என்று டப்பாவை நீட்டினாள். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. அந்தப் பழைய வார்த்தையை நினைத்தால் நாக்கு எழும்பவில்லை. உயிரைக் கொடுத்தவள் இவளாகவா இருக்க வேண்டும்? யாராவது முன்பின் தெரியாதவர் கொடுத்திருக்கக்கூடாதா?

இன்னொன்றும் கேட்டுக்கொள். மாத்திரைச் சீட்டின் படத்தைத் தேடி உன் அத்தானின் போனை நானே எடுத்துப் பார்த்தேன். நீ அன்றைக்கே ஒரு படம் அனுப்பியிருக்கிறாய். பாப்பா கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற உன் மனைவியின் தோளை வெட்டி எடுத்துவிட்டு, என்னை மட்டும் தனியாக்கி, பின்னால் கறுப்பு அடித்து. ‘அத்தான், அந்த நேரத்துல தேடினா நல்ல படம் கிடைக்காது, இதை வச்சுக்குங்க’ என்று கீழே எழுதியிருக்கிறாய். படம் நன்றாகத்தான் இருக்கிறது. என்னை அவ்வளவு லட்சணமாக யாரும் எடுத்ததில்லை. பொறுப்பான பிள்ளை நீ, எதையும் முன்கூட்டியே செய்துவிடுவாய். நான் உயிரோடு எழுந்து வந்து உன் வேலையைக் கெடுத்துவிட்டேன்.

வேலை என்றதும் ஞாபகம் வருகிறது. மேலதிகாரி பரிதாபப்பட்டு ஒரு நாள் மைக் முன்னால் உட்காரவைத்துப் பார்த்தார். ‘பயணிகளின்’ என்றேன், மூச்சு. ‘கனிவான’ என்றேன், மூச்சு. நடைமேடை எண் வருவதற்குள் வண்டியே வந்துவிட்டது. இப்போது என்னைத் தவறிப்போன சாமான்கள் அறையில் போட்டிருக்கிறார்கள். ஒற்றைச் செருப்பு, குடை, பல்செட்டு, யாரோ விட்டுப்போன எக்ஸ்ரே உறை. எல்லாவற்றுக்கும் சீட்டு கட்டித் தொங்கவிட வேண்டும். கேட்டு வருகிறவர்கள் குறைவு. என் இடத்தில் பதிவு செய்த குரல் ஒன்று பேசுகிறது. அது மூச்சே விடுவதில்லை. வண்டி தாமதமானால் வருந்துகிறோம் என்கிறது. அவ்வளவு வருஷம் நான் சொன்ன வார்த்தை அது, யாரோ செய்த தாமதத்துக்கு நான் வருந்தினேன். நீ அந்த ‘வருந்துகிறேன்’ என்பதை ஒரே ஒரு தடவை, நீ செய்ததற்காக, எனக்கு எழுது. போன் வேண்டாம். போனில் நீ அழுவாய், நான் சமாதானப்படுத்துவேன், விஷயம் அப்படியே போய்விடும்.

அக்கா

* * *

திங்கள்

தம்பி,

இந்தக் கடிதத்தைக் கோபத்தோடு கிழித்துப் போட்டுவிடாதே. முழுக்கப் படி. இதில் என் சங்கதி குறைவு, உன் சங்கதிதான் அதிகம்.

நீ எழுதவில்லை. உன் மனைவிதான் பேசினாள். என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ சாப்பிடாமல் கிடந்தாய் என்றாள். “உடம்பு சரியில்லாதவங்கன்னு பாக்கறேன் அண்ணி, இல்லேன்னா நல்லாக் கேட்டிருப்பேன். அங்க உங்களுக்கு ஒண்ணுன்னதும் இவர் எப்படித் துடிச்சாரு தெரியுமா? பாப்பாவுக்கு இப்பதான் நாள் தள்ளிப்போயிருக்கு, இந்த நேரத்துல வீட்டுல ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு?” என்றாள். நான் பதில் சொல்ல மூச்சைச் சேர்த்துக்கொள்வதற்குள் வைத்துவிட்டாள். பாப்பா உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி எனக்கு ஒரு திட்டின் நடுவில் வந்து சேர்ந்தது. இருக்கட்டும். சேதி சேதிதான்.

அதற்கு அடுத்த நாளே டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உடனே உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், அணைத்து வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன், இன்றுவரை ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று வெண்கலத்தின் பையன் பார்த்துச் சொன்னான். உன் மனைவியைக் கூப்பிட்டேன். “அவர் வண்டில இருக்காரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். பாப்பாவின் புது எண்ணை யாரும் எனக்குத் தரவில்லை. அதனால்தான் மறுபடி காகிதம். விரைவு அஞ்சலில் போட வெண்கலம் வாசலில் நிற்கிறாள். சீக்கிரம் எழுதச் சொல்லி அங்கிருந்தே கத்துகிறாள்.

விஷயம் இதுதான். முன்பே ஒரு தடவை டாக்டரம்மா நம் அம்மா எப்படிப் போனாள் என்று கேட்டார். மாரடைப்பு என்றேன். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். படியில் வழுக்கி, காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்ததைச் சொன்னேன். கட்டு வெட்டின அன்றைக்கு எழுந்து கதவு வரைக்கும் நடந்தாள், மூச்சு முட்டுகிறது என்றாள், உட்கார்ந்தாள், முடிந்தது. அந்தக் கால் கடைசிவரை வீங்கியே இருந்ததா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் வேலைக்குப் போயிருந்தேன், நீதான் பக்கத்தில் இருந்தாய். பள்ளிக்கூட உடுப்போடு தெருவெல்லாம் ஓடி டாக்டரைத் தேடினவன் நீ. அதைப் பற்றி நீ இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே எனக்கு அந்த மருந்து வேண்டாம் என்று சொன்னாயே, அதற்கும் இதற்கும் ஏதாவது உண்டா என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியாது. கேட்டால் நீ சொல்ல மாட்டாய்.

அம்மாவுக்கு வந்தது மாரடைப்பாக இருக்காது, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அதன்பிறகு என் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். நோய் முற்றியிருந்த சமயத்தில் பார்த்தால் தப்பாகக் காட்டுமாம், அதனால் பொறுத்திருந்து இரண்டு தடவை பார்த்தார்கள். ரத்தம் உறைவதைப் போதும் என்று நிறுத்துகிற ஒரு சத்து எல்லோருக்கும் இருக்கிறதாம். எனக்குப் பிறவியிலேயே அது பாதிதான். நிமோனியா வந்தால் யாருக்கும் நுரையீரலில் உறையத்தான் செய்யும். எனக்கு அது கட்டுக்கு அடங்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார். பெற்றவர்களிடமிருந்து வருவது. அம்மாவுக்கு இருந்திருந்தால் உனக்கு இருக்கப் பாதிக்குப் பாதி. உனக்கு இருந்தால் பாப்பாவுக்கும் அதே கணக்கு.

அப்புறம் என்னைக் கேட்டார், பிள்ளைகள் உண்டா என்று. மூன்று தடவை தங்கி, மூன்றும் மாசம் ஏறின பிறகு போய்விட்டன என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிற ரத்தக்குழாய்கள் அடைத்து அப்படி ஆவது உண்டு, உங்களுக்கும் அதுதான் என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா என்று கேட்டேன். தினமும் ஒரு சின்ன ஊசி போட்டுப் பார்த்திருப்போம் என்றார். சின்ன ஊசி, தம்பி. வயிற்றில் தோலை நிமிண்டிப் பிடித்துக்கொண்டு அவரவரே போட்டுக்கொள்ளலாமாம். நான் என்னென்னவெல்லாம் செய்தேன் என்று உனக்குத் தெரியும். எங்கெங்கெல்லாம் போய் நின்றேன், யார் யாரிடம் என்னென்ன கேட்டுக்கொண்டேன் என்றும் தெரியும்.

வெண்கலம் அந்த அறையில்தான் இருந்தாள். முதல் தடவையாக அவள் வாயில் சத்தம் வரவில்லை. எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். “அக்கா” என்றாள். மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என் பையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டாள். எனக்கு அது போதவில்லை. ஆனாலும் கொடுத்தேன்.

இப்போது உன் வேலையைச் சொல்கிறேன். கவனமாகப் படி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இந்தச் சத்து எல்லாப் பெண்களுக்குமே தானாகக் குறையுமாம். அதனால் பாப்பாவை இப்போது பரிசோதித்தால் தெளிவாகத் தெரியாது. முதலில் உன்னைப் பரிசோதிப்பதுதான் சரி என்றார். உனக்கு இல்லை என்றால் நம் அம்மா பக்கத்திலிருந்து அவளுக்கு வர வழியில்லை, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். உனக்கு இருக்கிறது என்றால் உடனே அவளுடைய டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேண்டியிருந்தால் அவர்கள் அந்த ஊசியை ஆரம்பிப்பார்கள். சரியாக எத்தனை வாரம் ஆகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நான் ஒவ்வொரு நாளையும் நஷ்டமாகத்தான் பார்க்கிறேன். என் பரிசோதனை முடிவின் நகலை உள்ளே வைத்திருக்கிறேன். அந்தச் சத்தின் பெயருக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். உங்கள் ஊர் டாக்டரிடம் அப்படியே காட்டினால் போதும், நீ ஒன்றும் விளக்க வேண்டாம்.

இன்னொன்று. உனக்கு அது இருந்தால், நாள் முழுக்க ஓட்டுநர் இருக்கையில் மடக்கிய காலோடு உட்கார்ந்திருப்பது உனக்கு விஷம். வழியில் அடிக்கடி நிறுத்தி இறங்கி நட. தண்ணீர் குடி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, நடக்கும்போது திடீரென்று மூச்சு முட்டினாலோ, வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருக்காதே.

நான் உன்னிடம் கேட்பது ஒரு சின்னக் குழாய் ரத்தம். எனக்காக அல்ல. எனக்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம். வருந்துகிறேன் என்று எழுதச் சொன்னேனே, அதையும் எழுத வேண்டாம். நீ அப்படி எழுதினாலும் நான் சரி என்று சொல்லிவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் படத்தை அழிக்கும்படி உன் அத்தானிடம் சொல்லவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை, அப்படியே கிடக்கிறது. என்னைத் தடுத்து வைத்திருப்பதை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. உன் கோபம், வெட்கம், எதுவாக இருந்தாலும் அதையெல்லாம் என் மேலேயே வைத்துக்கொள். ஆனால் இந்த ஒன்றை மட்டும் வண்டி ஓட்டிக்கொண்டே முடிவு செய்யாதே. ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, இறங்கிப் போய்க் கையை நீட்டிக் கொடு.

பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள். அத்தை விசாரித்தாள் என்று மட்டும் சொல். அவள் வயிறு நிறைந்து, நாள் தப்பாமல், குழந்தை நன்றாக வீறிட்டு அழுதுகொண்டே பிறக்கட்டும். முதல் மூச்சை ஒரே இழுப்பில் இழுக்கட்டும்.

பிறந்ததும் எனக்குச் சொல். நீ சொல்ல வேண்டாம் என்றால் யார் மூலமாகவாவது சொல்லி அனுப்பு.

அக்கா